பெற்றவள் பக்கம்

என் மகள் வெண்மதியின் கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டுகிற படம் இல்லை. மாப்பிள்ளை அழைப்பு இருக்கிறது. மெட்டி போடுவது இருக்கிறது. பந்தியில் எவனோ ஒருத்தன் அப்பளம் கடிப்பது அரைப் பக்கத்துக்கு இருக்கிறது. தாலி மட்டும் இல்லை. வீடியோவில் ஒரு இடத்தை நிறுத்திப் படமாக்கி ஒட்டிப் பார்த்தோம். அதில் தெரிவது மாப்பிள்ளையின் பெரியப்பா முதுகு.

எடுத்தவன் வெளியாள் இல்லை. என் பெண்டாட்டி நாகம்மாளின் தம்பி சிங்காரவேல். பெண்ணுக்குத் தாய்மாமன். 2013 ஆவணியில் வந்த கோபம் இது. அவன் செத்து ஒரு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் அந்தப் பெரியப்பா முதுகைப் பார்த்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் அவனைப் பற்றி எழுதுகிறேன். எழுத வேறு ஆள் இல்லை. நான் ஆறாவதோடு நின்றவன், எனக்குத் தெரிந்த மாதிரிதான் வரும்.

நெய்வேலி மைன்ஸில் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான். நான் கன்வேயர் பெல்ட்டில் காண்ட்ராக்ட் பிட்டர். அவன் அதே பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை அள்ளிப் போடுகிற காண்ட்ராக்ட் கூலி. பர்மனென்ட் ஆகிவிடும் என்று இருபது வருஷம் இரண்டு பேரும் காத்திருந்தோம். ஷிப்ட் இல்லாத நாளில் அவன் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கப் போவான். கேமராவை அவன் பெண்டாட்டி செங்கமலத்தின் பழைய நைலான் புடவைத் துணியில் மூன்று சுற்றுச் சுற்றி எவர்சில்வர் டப்பாவுக்குள் வைப்பான். வீட்டில் அரிசிக்கு மூடி இல்லாவிட்டாலும் கேமராவுக்கு மூடி இருக்கும்.

அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவன் படித்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக் கல்யாண ஆல்பம். டவுன்ஷிப்பில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருக்கிறார்கள். எந்தக் குவார்ட்டர்ஸில் நல்ல ஆல்பம் இருக்கிறது என்று பெல்ட்டடியில் விசாரித்து வைத்துக்கொள்வான். ஷிப்ட் முடிந்ததும் குளித்து, சட்டை மாற்றி, போய்க் கதவைத் தட்டுவான்.

ஒரு தடவை பர்மனென்ட்காரர் ஒருவர் எனக்குப் போன் போட்டார். “குழந்தைவேலு, உன் மச்சான்னு ஒருத்தன் வந்து என் சம்சாரம் படத்த காட்டுன்னு நிக்கிறான். போலீசக் கூப்புடட்டுமா?”

நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். வாசலில் இவன் கைகட்டி நின்று சொல்லிக்கொண்டிருந்தான்: “அவங்கள பார்க்கலைங்க சார். அவங்க மூக்குப் பக்கத்துல நெழலு எந்தப் பக்கம் வுழுந்திருக்குதுன்னு பார்க்கணும். லைட்ட எங்க வெச்சாங்கன்னு அதுலதான் தெரியும்.”

அந்த அம்மா உள்ளேயிருந்து சிரித்துவிட்டார்கள். “இருபது வருஷம் கழிச்சி என் மூக்கப் பார்க்க ஒருத்தர் வந்திருக்காரு. காட்டுங்க.” அப்புறம் டீயும் வந்தது.

அவன் மதித்த படக்காரர்கள் இரண்டு மூன்று பேர். காடாம்புலியூர்ப் பக்கம் ஒருவர். அவர் எடுத்த கூட்டப் படத்தில் ஒருத்தர்கூடக் கண் மூடியிருக்க மாட்டார்கள். அது எப்படி என்று மண்டையை உடைத்துக்கொண்டவன், அவர் எடுக்கிற கல்யாணம் ஒன்றுக்கு அழையாமலே போனான். சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னான்: “எல்லாரையும் மொதல்ல கண்ண மூடச் சொல்றாரு மாமா. மூணு எண்ணி, தொறக்கச் சொன்னதும் படம் அடிக்கிறாரு.” மறு வாரமே இவனும் அதைச் செய்தான். சென்னைக்காரர்கள் படங்களைப் போனில் பார்ப்பான். குடை, புகை, மழையில்லாத இடத்தில் நனைகிற ஜோடி. “நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல கல்யாணம் எங்க?” என்று போனை அணைத்து வைத்துவிடுவான்.

அவனுக்குச் சாமி மாதிரி இருந்தவர் நெல்லிக்குப்பம் ராமலிங்கம். அவர் எடுத்த ஆல்பம் எங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் போய்விடுவான். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ‘ராமலிங்கம், நெல்லிக்குப்பம்’ என்று ரப்பர் ஸ்டாம்பு இருக்கும். பிலிம் காலத்துப் படங்கள். எல்லா ஆல்பத்திலும் தாலி கட்டும் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் ஒட்டியிருக்கும். பெண்ணைப் பெற்றவளின் முகம். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். ஒருத்தி சிரித்துக்கொண்டே மூக்கைச் சிந்துவாள். ஒருத்தி புருஷன் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருப்பாள்.

“இத பாருங்க மாமா,” என்று ஒரு நாள் இரண்டு படத்தையும் என் மூக்கருகே நீட்டினான். “தாலிப் படத்துலயும் மஞ்சளரிசி மேல பறக்குது. அம்மா படத்துலயும் தலைக்கு மேல அதே அரிசி பறக்குது. ஒரே நேரம். ஒரே கேமரா. எப்படி ரெண்டையும் புடிச்சாரு?”

“திரும்பியிருப்பாரு.”

“அரிசி கீழ வுழறதுக்குள்ளயா?”

வேகம்தான் விஷயம் என்று முடிவு பண்ணிவிட்டான். மந்தாரக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பயிற்சி நடந்தது. நான் முருங்கை மரத்தடியில் மாப்பிள்ளையாக நிற்க வேண்டும். நாகம்மாள் எதிரே துணி துவைக்கிற கல்லில் உட்கார வேண்டும். நான் “கெட்டி மேளம்” என்று கத்துவேன். அவன் என்னை ஒரு தடவை அடித்து, பம்பரம் மாதிரி சுற்றி அக்காவை ஒரு தடவை அடிப்பான். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் மதில் மேல் தலையை நீட்டி, “என்னா அண்ணே, தெனம் தெனம் கல்யாணம், ஒரு நாளாவது சோறு போட்டியா?” என்று கேட்டாள்.

இந்த லட்சணத்தில் வெண்மதிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு கம்மாபுரம். சம்பந்தி வீரம்மாள் வாயால் ஊரையே விற்று வாங்குகிறவள்.

நான் அவனிடம் சொன்னேன். “டேய், வேற ஆள வெச்சுக்கலாம். நீ தாய்மாமன். மால போடணும், சீர் தூக்கணும்.”

“என் அக்கா பொண்ணு கல்யாணத்துல எவனோ கேமரா தூக்கிக்கினு நிப்பான், நான் பந்தியில மோர் ஊத்திக்கினு திரியணுமா?”

நாகம்மாளும் தம்பி பக்கம் பேசினாள். விட்டுவிட்டேன்.

முகூர்த்தத்தில் என்ன நடந்தது என்று அவனே பிற்பாடு சொன்னான். முதலில் தாலி, பிறகு அக்கா என்பதுதான் கணக்கு. மேளம் மாறியது. கேமராவைக் கண்ணில் வைத்தவனுக்கு ஓரத்தில் அக்கா முகம் தெரிந்தது. கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது. அடித்தான். உடனே திரும்பித் தாலிக்கு அடித்தான். பிளாஷ் ஒரு தடவை வெட்டினால் மறுபடி ஏற நாலைந்து நொடி வேண்டும். முருங்கை மரத்தடியில் நல்ல வெயில், பிளாஷே போடாமல் பழகியவனுக்கு அது நினைப்பில் இல்லை. தாலிப் படம் கறுப்பாக விழுந்தது. பிளாஷ் ஏறுவதற்குள் அரிசி போடுகிற கூட்டம் மணவறையை மூடிவிட்டது.

கூட்டம் விலகியதும் மாப்பிள்ளையிடம் போய், “தம்பி, கயித்த ஒரு தடவ சும்மா கழுத்துகிட்ட புடிங்க,” என்றான்.

வீரம்மாள் எழுந்துவிட்டாள். “ஏம்பா தாய்மாமா, என் புள்ள என்னா ரெண்டாந்தாரமா கட்டுறான், ரெண்டு வாட்டி கட்டச் சொல்ற?”

மண்டபம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வெண்மதி ஐந்து வருஷம் அந்த வீட்டில் கேட்ட பேச்சு கொஞ்சமில்லை. யார் வந்து ஆல்பம் கேட்டாலும் வீரம்மாள், “எங்க மருமவ ஆல்பத்த பார்த்தா கல்யாணம் ஆனாப்போலவே தெரியாது,” என்பாள். சிங்காரவேலுக்கு மைன்ஸில் ‘தாலிய உட்டவன்’ என்று பேர் ஆயிற்று. அந்தத் தையில் ஒத்துக்கொண்டிருந்த நாலு கல்யாணமும் வேறு ஆளுக்குப் போயின.

நாகம்மாள் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டுக் கண்ணாடி மாட்டிக் கொண்டுவந்தான். இரண்டு கையும் தாவாங்கட்டையில், கண் மணவறையில். வாய் ஒரு பக்கம் சிரிக்கிறது, ஒரு பக்கம் கோணிப் போயிருக்கிறது. தலைக்கு மேல் மஞ்சளரிசி நாலைந்து அப்படியே நிற்கிறது. “எடுத்துக்கினு போடா வெளிய,” என்றேன். நாகம்மாள் அதை வாங்கிப் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்தாள்.

ஆறு மாதம் நான் அவனோடு பேசவில்லை. ஒரே பெல்ட்டில் வேலை செய்துகொண்டு பேசாமல் இருப்பது கஷ்டம்தான். இருந்தேன். அவன் அக்காதான் முடித்து வைத்தாள். “அவன் நெல்லிக்குப்பம் போய் அந்த ராமலிங்கத்த பார்க்கணுமாம். தனியா போவ வெக்கப்படுறான். வண்டில கூட்டிக்கினு போ. பேசாட்டி போ, முன்னால பார்த்து ஓட்டு.”

கரும்பு வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். ஊர் முழுக்கப் பாகு வாசனை. ராமலிங்கம் கடையில் சர்க்கரை ஆலைக்காரர் ஒருவருக்குப் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நன்றாக இருந்தார், வெற்றிலை போட்டு வாய் சிவந்திருந்தது. இவன் காலில் விழப் போனான். அவர் விலகிக்கொண்டார். இவன் தன் கேள்வியைக் கேட்டான். தாலியும் அம்மாவும் ஒரே நேரத்தில் எப்படி?

அவர் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “நான் எப்பப்பா அம்மாவ எடுத்தேன்? முகூர்த்தத்துல தாலிய உட்டு கண்ண எடுத்தா செருப்பாலயே அடிப்பான்.” உள்ளே திரும்பி, “தனம், இங்க வா. உன் படத்த கேட்டுக்கினு நெய்வேலியிலருந்து வந்திருக்காங்க,” என்றார்.

அவர் மனைவி தனபாக்கியம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். இவன் கேள்வியை மறுபடி கேட்டான். அந்த அம்மா சுற்றி வளைக்கவில்லை.

“பொம்பளைங்க ஒக்கார்ற பக்கம் நான் போய் ஒக்காந்துக்குவேன். மடியில சின்ன கேமரா, அதுக்கே தனி பிளாஷ். நான் சொந்தக்காரின்னு நெனச்சுக்குவாங்க. பெத்தவளுக்கு எதிர்ல எடம் புடிச்சிடுவேன். மேளம் மாறும். அவரு தாலிய பார்ப்பாரு, நான் பெத்தவள பார்ப்பேன். அவ்ளோதான்.”

“நீங்க திரும்பிப் பார்க்கவே மாட்டீங்களாம்மா?”

“பார்த்தா படம் போச்சே. இருவது வருஷம் கல்யாணத்துக்குப் போனேன் தம்பி. ஒரு தாலி ஏறி என் கண்ணால பார்த்ததில்ல.”

சிங்காரவேல் பையிலிருந்து நாகம்மாள் படத்தை எடுத்தான். பீரோவிலிருந்து அவன் அக்காவே கொடுத்தனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. தனபாக்கியம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்லா இருக்குது. தாலி எங்க?”

“அதான் இல்ல,” என்றேன் நான். அன்றைக்கு அங்கே நான் பேசியது அது ஒன்றுதான்.

“ஒண்ண உட்டுட்டு ஒண்ண எடுத்திருக்கியேப்பா,” என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வருகிற வழியில் பண்ருட்டியில் டீ குடித்தோம். கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “அத்தன படத்துக்குப் பின்னாடியும் அவரு பேருதான் இருந்துது மாமா. அந்த அம்மா பேரு ஒண்ணுலயும் இல்ல.”

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“செங்கமலத்துக்குக் காலைல அஞ்சரைக்கே கூட்டுற வேல. முகூர்த்தத்துக்கு வர முடியாது. அக்கா வருமா?”

“எதுக்கு?”

“அந்தப் பக்கம் ஒக்கார.”

“வாயில எதனா வந்துரும். கம்னு டீயக் குடி. என் பொண்டாட்டி ஊரான் வூட்டுக் கல்யாணத்துல கேமரா தூக்கிக்கினு ஒக்காருவாளா?”

அதற்கப்புறம் நாலு வருஷம் அவன் அதைக் கேட்கவில்லை. தாலியைப் பார்த்தான், தாலியை மட்டும் எடுத்தான். ஒன்றுகூடத் தவறவில்லை. பேரும் மெல்லத் திரும்பி வந்தது. ஆனால் பழையபடி ஆல்பம் கேட்டு யார் வீட்டுக்கும் போகவில்லை. பெற்றவள் படம் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஒரு தடவை நான்தான், “என்னாடா, திரும்பிப் பார்க்கிறதில்லையா?” என்று குத்தலாகக் கேட்டேன். “ஒரு கண்ணுதான மாமா,” என்றான்.

2018இல் வெண்மதிக்கு இரண்டாவது பிரசவம். குழந்தையைப் பார்க்க வீரம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்குத் துணி எடுக்க நாகம்மாள் பீரோவைத் திறந்தபோது புடவைக்கு அடியில் கண்ணாடி மின்னியிருக்கிறது. வீரம்மாள் இழுத்துப் பார்த்தாள். அவள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

“இது எப்ப எடுத்துது?”

“உங்க புள்ள தாலி கட்டுனப்ப,” என்றாள் நாகம்மாள்.

வீரம்மாள் படத்தைத் துடைத்தாள். பிறகு என்னிடம் வந்தாள். “சம்பந்தி, சித்திரையில என் பொண்ணு நந்தினிக்குக் கல்யாணம் வெச்சிருக்கு. உங்க மச்சானையே வரச் சொல்லுங்க. எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும். ஆனா தாலிய உட்டான், தோல உரிச்சிருவேன். ரெண்டும் வேணும்.”

சொன்னபோது சிங்காரவேல் சிரித்தான். ஆனால் சித்திரை வரும்போது அவன் கடலூரில் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். கிட்னி இரண்டும் போய்விட்டன. முகம் வீங்கி, கண் இடுங்கிப் போயிருந்தது. கல்யாணம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை நானும் நாகம்மாளும் போயிருந்தோம்.

“தாலிக்கு விஜயராஜ சொல்லிட்டேன் மாமா,” என்றான். விஜயராஜ் இந்திரா நகரில் ஸ்டூடியோ வைத்திருக்கிற அவன் கூட்டாளி. “அந்தப் பக்கத்துக்கு ஆள் இல்ல.”

நான் சுவரைப் பார்த்தேன். அந்த வீட்டில் என் மகள் காலம் தள்ள வேண்டும். இந்தத் தடவையும் ஒன்று தவறினால் இன்னும் ஐந்து வருஷம் பேச்சு. அது ஒரு பக்கம். இவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. அது ஒரு பக்கம். ஆனாலும் வாய் பழைய வாய்தான். “பொம்பள கேமராவோட ஒக்காந்தா நாலு பேரு என்னா பேசுவான்?” என்றேன்.

நாகம்மாள் என்னிடம் திரும்பினாள். “தெனம் ரேஷன் கடையில மண்ணெண்ணெ கேனோட நிக்கிறேன். அப்ப பேசாதவன் இப்ப என்னா பேசிடப் போறான்?”

தலைமாட்டில் இருந்த டப்பாவைத் திறந்து தன் கேமராவை அவளிடம் கொடுத்து எங்கே அமுக்குவது என்று காட்டினான். வார்டுக்கு வருகிறவர்களை எடுத்துப் பழகினாள். நர்ஸ் வந்து திட்டினாள். “அழுவுறவங்களயே எடுக்காத அக்கா, சிரிக்கிறவங்களயும் எடு,” என்றான் அவன். கிளம்பும்போது என் கையைப் பிடித்தான். “மாமா, மேளம் மாறுனதும் அக்கா மணவறைப் பக்கம் திரும்பும். எல்லாருக்கும் திரும்பத்தான் தோணும். நீங்க பின்னால நின்னு திரும்ப உடாதீங்க.”

வெள்ளிக்கிழமை கம்மாபுரத்தில் வீரம்மாளுக்கு எதிரே ஸ்டூல் போட்டு நாகம்மாளை உட்கார வைத்தேன். பின்னால் நின்றேன். மேளம் மாறியது. அவன் சொன்ன மாதிரியே இவள் தலை மணவறைப் பக்கம் திரும்பியது. நான் கொண்டையைப் பிடித்து நேராகத் திருப்பி அப்படியே பிடித்துக்கொண்டேன். பார்த்தவர்கள் புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்திருப்பார்கள். நானும் மணவறையைப் பார்க்கவில்லை. வீரம்மாளைத்தான் பார்த்தேன். அவள் அழவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு முடிச்சுகளை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். நாகம்மாள் அமுக்கினாள்.

சனிக்கிழமை இரண்டு கேமராவையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போனேன். தலையணையைச் சாய்த்து உட்கார வைத்தோம். வீரம்மாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இரண்டு விரல் மடங்கியிருக்கிறது, மூன்றாவது மடங்கப் போகிறது. பிறகு விஜயராஜ் கேமராவில் தாலிப் படத்தைத் தேடினான். அதில் நாத்தனார் கை இரண்டாவது முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தது.

“ரெண்டுலயும் ரெண்டு முடிச்சு மாமா,” என்றான். அதையே மாற்றி மாற்றி ஐந்தாறு தடவை பார்த்தான்.

திங்கட்கிழமை காலையில் போய்விட்டான். கேமரா எங்கள் வீட்டில்தான் இருக்கிறது, அதே டப்பாவில். விஜயராஜுக்கு முகூர்த்தம் உள்ள நாட்களில் நாகம்மாள் அதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வண்டி நான்தான் ஓட்டுகிறேன்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது அவன் என்னிடம் கடைசியாக ஒரு வேலை சொன்னான். சாகப் போகிறவன் குரல் மாதிரி இல்லை, ஷிப்டுக்குப் போகிறவனிடம் பீடிக்கட்டு வாங்கி வரச் சொல்வது மாதிரிதான் இருந்தது.

“மெயின் பஜார்ல ரப்பர் ஸ்டாம்பு வெட்டுறவரு ஒருத்தரு இருக்காரு இல்ல மாமா, அவர்கிட்ட போயி புதுசா ஒண்ணு வெட்டச் சொல்லுங்க. ‘நாகம்மாள், மந்தாரக்குப்பம்’னு. வீரம்மா படம் பிரிண்ட் போட்டு வந்ததும் பின்னாடி நீங்களே குத்திக் குடுங்க.”